மவுண்ட் வெர்னான் வரைபடம்: கட்டங்களைக் கழற்றியதும் வழிக்கு வந்தது

மாளிகைப் பண்ணையும் டோக் ரன் பண்ணையும் முடிந்துவிட்டன. ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் எஸ்டேட்டில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் வம்சாவளியை வரைய உட்கார்ந்ததிலிருந்து, பார்த்தவுடன் புரிகிற படம் இப்போதுதான் வந்திருக்கிறது. கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூலம், 1799-ல் வாஷிங்டன் தன் கையாலேயே எழுதிய பட்டியல். பண்ணை வாரியாகப் பெயர், தொழில், பலருக்கு வயது, கணவனோ மனைவியோ எங்கே இருக்கிறார் என்ற குறிப்பு. அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் தட்டச்சு செய்த வடிவம் இலவசமாகவே கிடைக்கிறது. சந்தா கட்டும் வம்சாவளித் தளங்களில் இதைத் தேடிப் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

மொத்தம் 317 பேர். அதில் வாஷிங்டனுக்குச் சொந்தமானவர்கள் 123 பேர்தான். 41 பேர் வாடகைக்கு வந்தவர்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் பெனலபி ஃபிரெஞ்ச் என்ற விதவையிடமிருந்து. மீதி 153 பேர் கஸ்டிஸ் பங்கு. வாஷிங்டனின் மனைவி மார்த்தாவுக்கு முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸ்; அவர் 1757-ல் உயில் எழுதாமலே இறந்தார். வர்ஜீனியா சட்டப்படி விதவைக்குச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதுவும் ஆயுள் வரை அனுபவிக்க மட்டும். அந்தப் பங்கில் நிலத்தோடு 84 பேர் வந்தார்கள். 1759 ஜனவரியில் மார்த்தாவை மணந்த வாஷிங்டன் அவர்களிடம் வேலை வாங்கலாம். விற்கவோ விடுதலை செய்யவோ முடியாது. மார்த்தா இறந்தால் எல்லோரும் கஸ்டிஸ் வாரிசுகளுக்குப் போய்விடுவார்கள். 84 பேர் நாற்பது வருடத்தில் 153 ஆனது எப்படி என்றால், பிள்ளை தாயின் நிலையையே பெறும் என்று வர்ஜீனியாவில் 1662-லேயே சட்டம் வந்துவிட்டது. தாய் யாருடைய சொத்தோ பிள்ளையும் அவருடைய சொத்து.

என் மொத்த வேலையும் இந்த ஒரு விதிமேல்தான் நிற்கிறது. வாஷிங்டன் சிவப்பு, கஸ்டிஸ் நீலம், ஃபிரெஞ்ச் பச்சை. பிள்ளைக்குத் தாயின் நிறம். கேட்கும்போது சுலபம்தான். ஆனால் நான் வைத்திருக்கிற வம்சாவளி மென்பொருள் அப்பா இல்லாமல் ஒரு அடி நகராது. குடும்பப் பெயர் என்ன என்று கேட்கும். காலியாக விட்டால் அப்பாவிடமிருந்து எடுத்து ஒட்டும். இந்தப் பட்டியலில் முக்கால்வாசிப் பேருக்குக் குடும்பப் பெயரே குறிப்பிடப்படவில்லை. கடைசியில் அதைத் தரவு சேமிக்க மட்டும் வைத்துக்கொண்டு, வரைவதைக் கிராஃப்விஸ் என்ற வரைபட மென்பொருளுக்கு மாற்றினேன். எல்லாம் எழுத்துக் கோப்பு, இலவசம், சொன்னதைச் செய்யும். பெரும்பாலும்.

தாயிலிருந்து பிள்ளைக்குக் கெட்டிக் கோடு, தகப்பனிலிருந்து புள்ளிக் கோடு. தகப்பன் கோட்டுக்கு 'கன்ஸ்ட்ரெயின்ட் ஃபால்ஸ்' போட்டுவிட்டால் தலைமுறை வரிசையைத் தாய்க் கோடு மட்டுமே தீர்மானிக்கும். அது சரி. ஆனால் தாய் யாரென்று தெரியாத ஆண்களெல்லாம் பிடிமானம் இல்லாமல் படத்தின் உச்சிக்கு மிதந்துபோய் வரிசையாக நின்றார்கள். மனைவியோடு ஒரே மட்டத்தில் நிறுத்த 'ரேங்க் சேம்' போட்டேன். தம்பதிகள் பக்கத்தில் பக்கத்தில் வந்தார்கள். அப்புறம்தான் தலைவலி ஆரம்பம்.

பண்ணைக்கு ஒரு பெட்டி, அதாவது கிளஸ்டர், போட்டிருந்தேன். ஐந்து பண்ணை, ஐந்து பெட்டி. ஸால் ட்வைன் டோக் ரன்னில் வயல் வேலை செய்கிறவர், கஸ்டிஸ் பங்கு. அவருடைய கணவர் ஜார்ஜ் மாளிகைப் பண்ணையின் தோட்டக்காரர், வாஷிங்டனின் ஆள். இருவரையும் ஒரே மட்டத்தில் வை என்றால், 'இந்த ஆள் ஏற்கெனவே ஒரு வரிசையில் இருக்கிறார், கிளஸ்டரிலிருந்து நீக்கப்பட்டார்' என்று எச்சரிக்கை காட்டிவிட்டு ஜார்ஜைப் பெட்டிக்கு வெளியே தள்ளிவிடும். வரிசையை எடுத்தால் பெட்டிக்குள் வருவார், மனைவியை விட்டு மூன்று தலைமுறை மேலே போய் நிற்பார். ஒரு சில தம்பதிகள் என்றால் கையால் நகர்த்தியிருப்பேன். இந்த எஸ்டேட்டில் கணவன் ஒரு பண்ணை, மனைவி இன்னொரு பண்ணை என்பதுதான் சகஜம். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத நாள். பல கணவர்கள் அன்றைக்கும் அதற்கு முந்தைய இரவும் நடந்துபோய்க் குடும்பத்தைப் பார்த்தவர்கள்.

கண்ணுக்குத் தெரியாத இடைப்புள்ளி வைப்பது, வேறு வரைவு எஞ்சினுக்கு மாற்றுவது, கோடுகளுக்கு எடை கூட்டுவது என்று கைவசம் இருந்த வித்தையெல்லாம் காட்டினேன். ஒன்றும் நிற்கவில்லை. பெட்டிகளையே கழற்றி எறிந்ததும் வழிக்கு வந்தது. பண்ணையை இப்போது ஒவ்வொருவருடைய உருவமே சொல்கிறது: மாளிகைப் பண்ணை வட்டம், டோக் ரன் அறுகோணம், மடி ஹோல் சதுரம், நதிப் பண்ணை சாய்சதுரம், யூனியன் பண்ணை முக்கோணம். உள்ளே நிறம், சொந்தக்காரர். இதே மாதிரி எஸ்டேட் பட்டியல்களை வரைகிறவர்கள் கிளஸ்டர் பக்கமே போகாதீர்கள்.

படம் நேரானதும் உயிலை அதன்மேல் ஏற்றிப் பார்த்தேன். தன் அடிமைகளுக்கு மார்த்தாவின் காலத்துக்குப் பிறகு விடுதலை என்று வாஷிங்டன் 1799 ஜூலையில் எழுதினார், டிசம்பரில் இறந்தார். மார்த்தா காத்திருக்கவில்லை, 1801 ஜனவரி 1-ல் அவர்களை விடுவித்தார். தன் சாவை இத்தனை பேர் எதிர்பார்த்திருக்கும் வீட்டில் அவருக்கு நிம்மதி இல்லை என்று அங்கே போய்வந்த, அன்றைய அதிபர் ஜான் ஆடம்ஸின் மனைவி அபிகெயில் ஆடம்ஸ் எழுதியிருக்கிறார். சிவப்பையெல்லாம் வெள்ளையாக்கு என்று ஒரு வரி சேர்த்து ஓட்டினேன். சமையல்காரி லூசி நீலம், பிள்ளைகள் மைக், ஃபில், பாட்டி மூவரும் நீலம். லூசியின் கணவர், பட்லர் ஃபிராங்க் லீ மட்டும் வெள்ளை. தச்சர் ஐசக் வெள்ளை. அவருடைய மனைவி பால்பண்ணை கிட்டியும் அவர்களுடைய மகள்களும் நீலம். வாஷிங்டனின் உயிலைப் புகழ்ந்து நிறைய எழுதுகிறார்கள். புகழட்டும். ஆனால் 123 என்ற எண்ணை மட்டும் சொல்லி நிறுத்துகிறவர்கள், அந்தப் புள்ளிக் கோடுகளின் மறுமுனையில் யார் இருந்தார்கள் என்றும் சொல்ல வேண்டும். தன் ஆட்களுக்கும் கஸ்டிஸ் பங்கு ஆட்களுக்கும் நடந்த மணங்களால் என்ன நேரும் என்று வாஷிங்டனுக்கே தெரியும்; உயிலிலேயே குறிப்பிட்டிருக்கிறார்.

பட்டியலுக்கு வெளியே இருப்பவர்களை எப்படிக் காட்டுவது என்பதுதான் இப்போதைய யோசனை. சமையல்காரர் ஹெர்குலிஸ் 1797-லேயே தப்பிவிட்டதால் பட்டியலில் இல்லை. ஆனால் பிள்ளைகள் ரிச்மண்ட், ஈவி, டெலியா மூவருக்கும் அவர்தான் தகப்பன். தாய் ஆலிஸ் கஸ்டிஸ் பங்கு என்பதால் மூவரும் நீலம்; தப்பி ஓடிய ஹெர்குலிஸுக்கோ உயிலின்படி சட்டபூர்வ விடுதலையே கிடைத்துவிட்டது. மார்த்தாவின் பணிப்பெண் ஓனா ஜட்ஜ் இன்னும் சிக்கல். 1796 மே மாதம் பிலடெல்பியாவிலிருந்து தப்பி நியூ ஹாம்ப்ஷயர் போனவர். அங்கே மணமாகிப் பெற்ற பிள்ளைகளும் சட்டப்படி கஸ்டிஸ் சொத்துதான். அவர்களுக்கு நீல நிறமும் உடைந்த விளிம்பும் கொடுத்திருக்கிறேன். ஓனாவின் தகப்பன் ஆண்ட்ரூ ஜட்ஜ் ஒப்பந்தக் கூலியாக வந்த வெள்ளைக்காரத் தையல்காரர், அவருக்கு நிறமே போடவில்லை.

அச்சைப் பற்றி ஒரு புலம்பல். ஏ-நாட் (A0) என்ற பெரிய தாளில் எடுக்கப் போனால், கடைக்காரர் கோப்பைப் படமாக மாற்றிக்கொண்டுவரச் சொல்கிறார். மாற்றினால் சின்ன எழுத்தெல்லாம் மங்கிப்போகிறது. கட்டட வரைபடம் அச்சிடுகிற கடைகளில் பி.டி.எஃப்-ஐ அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள், விலையும் குறைவு. மெல்லிய புள்ளிக் கோடு தெளிவாக விழ வேண்டுமானால் அங்கேயே போங்கள். நீலத்தைக் கொஞ்சம் வெளிறிய நீலமாக வையுங்கள். அடர் நீலத்தில் பெயர் தெரியாது.

மிச்சம் மூன்று பண்ணை இருக்கும்போதே மனம் மார்த்தாவின் பேரனுடைய ஆர்லிங்டன் எஸ்டேட்டுக்கு ஓடுகிறது. மார்த்தா 1802 மே மாதம் இறந்ததும் நீலம் முழுவதும் நான்கு பேரப்பிள்ளைகளுக்குப் பாகமானது: எலிசபெத் லா, மார்த்தா பீட்டர், நெல்லி லூயிஸ், ஜார்ஜ் வாஷிங்டன் பார்க் கஸ்டிஸ். கடைசி ஆளின் பாகம் ஆர்லிங்டனுக்குப் போனது. ஃபிராங்கின் மகன் ஃபில், அந்தக் கஸ்டிஸுக்கே பணியாளானார். 1857-ல் கஸ்டிஸ் இறந்தபோது ஐந்து வருடத்துக்குள் விடுதலை என்று உயில் எழுதியிருந்தார். நிறைவேற்ற வேண்டிய மருமகன் ராபர்ட் இ. லீ, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டது 1862 டிசம்பர் 29-ல். நீலத்தை நான்கு சாயலாகப் பிரித்தால் இந்தக் கிளையை 1757-லிருந்து 1862 வரை ஒரே தாளில் கொண்டுவரலாம்.

அதற்கு முன் மடி ஹோல். அங்கே கண்காணி டேவியின் குடும்பத்தை ஏற்றிவிட்டேன், அடுத்து மற்றவர்கள். நான்கு நீலங்களைக் கறுப்பு வெள்ளை அச்சிலும் பிரித்துக் காட்ட கோடிட்ட நிரப்பலைக் கிராஃப்விஸ்ஸில் யாராவது ஓட்டியிருந்தால், எந்தப் பதிப்பு என்று சொல்லுங்கள்.