பாதித் தேவதை அறை: பலேர்மோவில் ஒரு மலிவு விடுதி

பழைய நகரத்தைப் பார்க்கப் போகிறவர்கள் புதுப் பகுதியில் தங்கிக்கொண்டு காலையும் மாலையும் பஸ் ஏறுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அறை எப்படி இருந்தாலும் சரி, பழைய நகரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அறை சுத்தமாக இருக்க வேண்டும், குளியலறை அதற்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது அம்மாவின் பிடிவாதம். சிசிலித் தீவின் தலைநகரான பலேர்மோவில் இரண்டு பிடிவாதங்களுக்கும் எங்கள் பணத்துக்கும் ஒத்துவந்த இடம் ஒன்றே ஒன்றுதான்: குவாத்ரோ காந்தி நாற்சந்தியிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு பிரபு குடும்பத்து மாளிகையின் இரண்டாம் மாடியில் இயங்கும் ஒற்றை நட்சத்திர விடுதி. இருவருக்கு ஓர் இரவுக்கு 58 யூரோ, காலை உணவோடு. குறைகளையும் எழுதப்போகிறேன் என்பதால் பெயரைச் சொல்லவில்லை.

விமான நிலையத்திலிருந்து நகரம் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். நிலையத்தின் பெயர் ஃபல்கோனே–போர்செல்லினோ. 1992-இல் இரண்டு மாத இடைவெளியில் மாஃபியா குண்டுவைத்துக் கொன்ற இரண்டு நீதித்துறை அதிகாரிகள் அவர்கள். ஜொவான்னி ஃபல்கோனேயின் கார் சிதறிய கபாச்சி இந்தச் சாலையில்தான் இருக்கிறது. நெடுஞ்சாலையை ஒட்டி நினைவுத்தூண் நிற்கிறது. பஸ் அதைக் கடந்தபோது முன் இருக்கைக்காரர் கைப்பேசியிலிருந்து தலை தூக்கவில்லை. தினமும் கடப்பவர் வேறென்ன செய்வார்?

மாளிகை என்றதும் மனதில் ஒரு படம் வரும். தெருவிலிருந்து நாங்கள் பார்த்தது காரை பெயர்ந்த சுவரையும் துணி காயும் பால்கனிகளையும். யானை நுழையும் அளவுக்கு மரக்கதவு, அதற்குள் ஆள் நுழைய ஒரு சின்னக் கதவு, பக்கத்தில் அழைப்பு மணிகளின் வரிசை: ஒரு வழக்கறிஞர், ஒரு பல் மருத்துவர், எங்கள் விடுதி. உள்ளே முற்றத்தில், ஒரு காலத்தில் குதிரை வண்டிகள் நின்ற இடத்தில், ஸ்கூட்டர்கள். அகலமான கல் படிக்கட்டு. அதன் நடுவில் பிற்காலத்தில் செருகிய இரும்புக் கூண்டு லிஃப்ட்.

இந்த லிஃப்ட்டுக்கு வெளியே ஓர் இரும்புக் கதவு, உள்ளே இரண்டு மரக் கதவுகள். மூன்றையும் கையால் சாத்தினால்தான் அது நகரும். மேலே இறங்கியவர் சாத்தாமல் போய்விட்டால் அங்கேயே நின்றுவிடும். பல் மருத்துவரிடம் வருகிறவர்கள் வலியோடு வருகிறவர்கள். கதவைச் சாத்துவது அவர்கள் நினைவில் இருப்பதில்லை. கீழே காத்திருப்பவர் பொத்தானை அழுத்திச் சலித்துவிட்டு, மாடியை நோக்கிக் குரல் கொடுப்பார். முழங்கால் வலிக்காரியான அம்மாவும் மறுநாளே “அஷென்சோரே!” என்று படிக்கட்டு அதிரக் கத்தக் கற்றுக்கொண்டாள். லிஃப்ட் என்று பொருள்படும் அதுதான் அவள் பேசிய ஒரே இத்தாலியச் சொல். அதற்குப் பலன் இருந்தது.

வரவேற்பறைக் கண்ணாடிக் கதவில் வங்கி அட்டைகளின் முத்திரைகளுக்கு நடுவே அத்தியோபீட்சோ என்ற அமைப்பின் ஒட்டுத்தாள் இருந்தது. கடைக்காரர்களிடமும் விடுதிக்காரர்களிடமும் மாஃபியா வசூலிக்கும் மாமூலுக்கு இங்கே பீட்சோ என்று பெயர். ஒரு பார் திறக்கலாம் என்று செலவுக் கணக்குப் போட்ட சில இளைஞர்கள், மாமூலுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்ற கேள்வி வந்ததும் கொதித்துப்போனார்கள். 2004-இல் ஒரு காலையில் நகரம் கண் விழித்தபோது தெருவெங்கும் மரண அறிவிப்பு வடிவில் சிறு தாள்கள் ஒட்டப்பட்டிருந்தன: பீட்சோ கட்டும் மக்கள் தன்மானம் இல்லாத மக்கள். இன்று, கட்ட மாட்டோம் என்று அறிவித்த கடைகள் அந்த அமைப்பின் தாளைக் கதவில் ஒட்டிக்கொள்கின்றன. அறை தேடும்போது இதைக் கவனிக்கலாம் என்பது என் யோசனை.

விடுதியை நடத்தும் அம்மையார் பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அம்மா பதறினாள். பதற ஒன்றுமில்லை. தங்குபவர்களின் விவரங்களை 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்கு அனுப்ப வேண்டும் என்பது இத்தாலியச் சட்டம். நகராட்சியின் தங்கும் வரி தனி. ஆளுக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு என்று ரொக்கமாகக் கேட்டார். இணையத்தில் காட்டும் வாடகையில் இது பெரும்பாலும் சேராது.

அறைக்குள் நுழைந்ததும் அம்மா தரையைப் பார்த்தாள், நான் கூரையைப் பார்த்தேன். தரை பளிச்சென்று இருந்தது. கூரையில் மங்கிய நீல வானம், ரோஜா மாலைகள், மேகத்தின் மேல் குப்புறப் படுத்திருக்கும் ஒரு குட்டித் தேவதை. இடுப்பு வரைதான். பெரிய கூடம் ஒன்றை இரண்டு அறைகளாக்கியபோது தடுப்புச் சுவர் அந்தப் பிள்ளையின் இடுப்பில் ஏறிவிட்டது. தலையும் இறக்கைகளும் எங்கள் பங்கு, கால்கள் அடுத்த அறைக்கு. அடுத்த அறையில் ஒரு பிரெஞ்சு ஜோடி. நள்ளிரவில் அவர்கள் போட்ட சண்டை ஒரு சொல் விடாமல் கேட்டது. பிரெஞ்சு தெரிந்திருந்தால் தீர்ப்பே சொல்லியிருக்கலாம்.

அந்தத் தடுப்புச் சுவருக்குப் பின்னால் நகரத்தின் கதை இருக்கிறது. ஸ்பானிய ஆட்சிக் காலத்தில் தீவின் நிலப்பிரபுக்கள் வயல்களைக் குத்தகைக்காரர்களிடம் விட்டுவிட்டு, அரசப் பிரதிநிதி இருந்த இந்த நகரத்தில் போட்டி போட்டு மாளிகை கட்டினார்கள். 1943-இல் நேச நாட்டு விமானங்கள் வீசிய குண்டுகள் துறைமுகத்தோடு பழைய நகரத்தையும் குலைத்துப்போட்டன. போர் முடிந்ததும் இடிந்ததைச் சீர்செய்யாமல், சுற்றியிருந்த எலுமிச்சைத் தோப்புகளை அழித்து அடுக்குமாடிகளை எழுப்பினார்கள். அரசியல்வாதிகளும் ஒப்பந்தக்காரர்களும் மாஃபியாவும் சேர்ந்து நடத்திய அந்த வேலையைப் பலேர்மோவின் சூறை என்றே இத்தாலியர்கள் குறிப்பிடுகிறார்கள். எர்னெஸ்தோ பசிலே வடிவமைத்த வில்லா டெலியெல்லா என்ற அழகான மாளிகையை 1959-இல் தரைமட்டமாக்கினார்கள். அந்த மனை பிறகு கார்கள் நிறுத்தும் இடமாகக் கிடந்தது. வசதி உள்ளவர்கள் புதுப் பகுதிக்குக் குடிபோனார்கள். பழைய மாளிகைகள் தளம் தளமாக, அறை அறையாகக் கைமாறின. ஒரு பிரபுவின் நடனக் கூடத்தில் பாதி எங்களுக்கு 58 யூரோவுக்குக் கிடைத்தது அப்படித்தான்.

குளியலறை அறையின் மூலையில் பெட்டிபோல் கட்டியது. வெந்நீர்க் கொதிகலனில் ஒருவர் குளிக்கத்தான் தண்ணீர் இருக்கும். அடுத்தவர் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆனால் கழிப்பறையை ஒட்டி ஒரு பிடே, அதாவது உட்கார்ந்து கழுவிக்கொள்ளும் தண்ணீர்த் தொட்டி, இருந்தது. ஐரோப்பா முழுக்கக் காகிதத்தோடு மல்லுக்கட்டிய தமிழர்களுக்கு இத்தாலி தருகிற ஆறுதல் இது: 1975-இல் இருந்து இங்கே ஒவ்வொரு வீட்டிலும் பிடே இருப்பது கட்டாயம். வேறு எந்தக் குறையையும் மன்னிக்க அம்மாவுக்கு இது போதுமானதாக இருந்தது.

ஏசி இல்லை. செப்டம்பரில் ஆப்பிரிக்காவிலிருந்து ஷிரோக்கோ காற்று வீசினால் பலேர்மோ வறுபடும். அறையின் தடித்த சுவர்களும் மரப்பலகைச் சன்னல்களும் பகல் வெயிலை ஓரளவு தடுத்தன. பகலில் மூடி, இரவில் திறக்க வேண்டும் என்று அம்மையார் சைகையால் விளக்கினார். இரவில் திறந்தால் தெரு முழுவதும் உள்ளே வந்துவிடும். சிரிப்பு, கிட்டார், கண்ணாடிப் பாட்டில்களைக் குப்பை லாரியில் கொட்டும் சத்தம், விடிந்ததும் தேவாலய மணி. தூக்கம் முக்கியம் என்பவர்கள் முற்றத்தைப் பார்த்த அறையைக் கேட்டு வாங்குங்கள்.

காலை உணவு என்பது ஒரு சீட்டு. அதைக் கீழேயுள்ள பாரில் கொடுத்தால் பிறை வடிவ ரொட்டியான ஒரு கொர்னெத்தோவும் காப்பியும் கிடைக்கும். நின்றுகொண்டு குடிக்க வேண்டும். உட்கார்ந்தால் விலை வேறு. கொர்னெத்தோ இனிப்பானது. காலையில் இனிப்பைத் தொடாத அம்மா அதைக் காகிதத்தில் சுற்றி எனக்குக் கொடுத்துவிட்டு, பல்லரோ சந்தைக்கு நடையைக் கட்டினாள்.

விடுதியிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் பல்லரோ, அரபு ஆட்சிக் காலத்திலிருந்து நடந்துவருவதாகச் சொல்லப்படும் சந்தை. அரபியர் இந்நகரைப் பிடித்தது 831-இல். நார்மன்கள் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது 1072-இல். வியாபாரிகள் ராகம் இழுத்துக் கூவுகிறார்கள். வாள்மீனின் தலையை வாள் மேல்நோக்கி இருக்கும்படி நிறுத்திவைத்திருக்கிறார்கள். அம்மா நின்றது ஒரு காய்கறிக் கடையில். ஒரு மீட்டருக்கும் நீளமான, வெளிர்பச்சைச் சுரைக்காய்! பக்கத்திலேயே அதன் தளிர்க்கொடியைக் கட்டுக்கட்டாக வைத்திருந்தார்கள். சிசிலிக்காரர்கள் கொடியைத் தக்காளியோடும் பாஸ்தாவோடும் சேர்த்துச் சூப்பாக்குகிறார்கள். “கொடியை வீணாக்காத ஊர்,” என்று அம்மா நற்சான்று வழங்கினாள். மதியத்துக்கு பானெல்லே: கடலை மாவைக் கிளறி, ஆறவைத்து, வில்லைகளாக வெட்டி எண்ணெயில் பொரித்து, எள் தூவிய ரொட்டிக்குள் வைத்து எலுமிச்சை பிழிந்து கொடுப்பார்கள். சைவர்கள் பலேர்மோவில் பானெல்லேயையும் கத்தரிக்காயையும் நம்பிக் காலம் தள்ளலாம். அதே வண்டியில் விற்கும் மண்ணீரல் ரொட்டியின் பக்கம் நாங்கள் போகவில்லை.

சந்தைக்குப் பின் சந்தில் தமிழ்ப் பலகை வைத்த மளிகைக் கடை ஒன்று. எனக்கு வியப்பில்லை, விடுதியில் இரவுப் பணி பார்ப்பவரே யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர் என்பது முதல் இரவிலேயே தெரிந்துவிட்டது. “பிள்ளை, எந்த ஊர்?” என்று கேட்டார். தஞ்சாவூர் என்றேன். “பெரிய கோயில் பார்த்திருக்கிறேன். பிரச்சினை பெரிதாவதற்கு முன்னால்,” என்றார். 1983-க்குப் பிறகு சிதறிய ஈழத் தமிழர்களில் சில ஆயிரம் பேர் இங்கே வந்து சேர்ந்தார்கள். வீட்டு வேலை, முதியோரைப் பார்த்துக்கொள்வது, விடுதி வேலை என்று தொடங்கியவர்களின் பிள்ளைகள் இப்போது சிசிலிய உச்சரிப்பில் இத்தாலியன் பேசுகிறார்கள். அம்மாவை அவர் அக்கா என்றார், அம்மா அவரைத் தம்பி என்றாள். நான் அண்ணை என்று அழைக்கப் பழகிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வாருங்கள் என்றார்.

மலை என்றால் மொந்தே பெல்லெக்ரினோ. அதன் குகையில் பலேர்மோவின் காவல் தெய்வமான புனித ரோசலியாவின் கோயில் இருக்கிறது. 1624-இல் கொள்ளைநோய் ஊரைத் தின்றுகொண்டிருந்தபோது அவருடைய எலும்புகள் இந்தக் குகையில் கிடைத்ததாகவும், அவற்றை ஊர்வலமாகக் கொண்டுபோனதும் நோய் அடங்கியதாகவும் நம்பிக்கை. செப்டம்பர் 3-ஆம் தேதி இரவு ஊரே திரண்டு மலையேறும்; காலில் செருப்பில்லாமல் ஏறுகிறவர்களும் உண்டு. மற்றபடி ஞாயிறுகளில் அங்கே அதிகம் பார்க்க முடிவது தமிழர்களைத்தான். கத்தோலிக்கர்கள் மட்டுமல்ல, இந்துக்களும் வருகிறார்கள். அண்ணையின் வீட்டு மாடத்தில் முருகனும் ரோசலியாவும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கிறார்களாம்.

நாங்கள் பஸ்ஸில் போனோம். குகையின் உச்சியிலிருந்து சொட்டும் நீரை உலோகத் தகடுகளால் ஏந்தி, வளைத்து, ஓரமாக வடிக்கிறார்கள். பக்தி ஒரு பக்கம் இருக்க, அந்தக் குழாய் வேலைப்பாட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம். பட்டுச்சேலை கட்டிய பெண்கள், மெழுகுவர்த்திகள், இத்தாலியனில் குழந்தையை அதட்டிவிட்டுத் தமிழில் வேண்டிக்கொள்ளும் ஒரு தாய். அம்மா நீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். யாரும் அவளிடம் மதம் கேட்கவில்லை.

பட்டியலில் வருகிற இடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குவாத்ரோ காந்தியைப் படம் எடுக்கிறவர்களின் கூட்டத்தில் அதைப் பார்ப்பது கடினம், அதிகாலையில் போங்கள். கப்புச்சின் துறவிகளின் நிலவறையில் சுவரோடு நிறுத்திய ஆயிரக்கணக்கான பதப்படுத்திய உடல்கள் இருக்கின்றன; அம்மா வரமாட்டேன் என்றாள், நான் வற்புறுத்தவில்லை. காசைப் பார்க்காமல் போக வேண்டியது அரண்மனைக்குள் இருக்கும் கப்பெல்லா பலத்தினா. 1130-இல் முடிசூடிய நார்மன் அரசன் இரண்டாம் ரோஜர் எழுப்பிய தேவாலயம் அது. சுவர்களில் பைசாந்தியக் கிரேக்கக் கலைஞர்களின் தங்க மொசைக், கூரையில் இஸ்லாமியக் கலைஞர்கள் அடுக்கடுக்காகச் செதுக்கி வண்ணம் தீட்டிய மரவேலை. அதில் இசைக் கலைஞர்கள், கோப்பை ஏந்தியவர்கள், சதுரங்கம் ஆடுபவர்கள். நார்மன் அரசன், கிரேக்கச் சுவர், அரபுக் கூரை: வென்றவன் தோற்றவனின் கைத்திறனைத் தன் தலைக்கு மேலேயே வைத்துக்கொண்டிருக்கிறான். நகரின் பேராலயத்தின் தெற்கு முகப்பில் ஒரு தூணில் குர்ஆன் வசனம் இன்றும் இருக்கிறது. ஸீசா மாளிகையில் 1149-ஆம் ஆண்டின் கல்லறைக் கல் ஒன்று உண்டு. ஒரு பாதிரியார் தன் தாய் அன்னாவுக்காக வைத்தது. லத்தீன், கிரேக்கம், அரபி, எபிரேய எழுத்தில் அரபி என நான்கு வகையில் அந்த அம்மாளின் மரணத்தை அறிவிக்கிறது. என் அம்மா அதன் முன்னால்தான் அதிக நேரம் நின்றாள்.

அறையைக் காலி செய்யும் நாளில், தெருவைப் பார்த்த பெரிய பால்கனி அறைக்கு ஜூலை 14 இரவு என்ன வாடகை என்று கேட்கச் சொன்னாள். அன்று ரோசலியாவின் தேர் அந்தத் தெருவழியே கடலை நோக்கிப் போகும், குவாத்ரோ காந்தியில் மேயர் தேர்மேல் ஏறி “பலேர்மோ வாழ்க, புனித ரோசலியா வாழ்க!” என்று முழங்குவார் என்று அண்ணை சொல்லியிருந்தார். அம்மையார் பதிவேட்டைத் திறக்கவே இல்லை. இரண்டு மடங்கு வாடகை, அதையும் மிலானோவிலிருந்து ஒரு குடும்பம் ஆண்டுதோறும் எடுத்துக்கொள்கிறது என்றார். “பின்பக்கத்து அறையாவது இருக்கிறதா, கேள்,” என்றாள் அம்மா. இருந்தது. முன்பணம் வேண்டும் என்றார். விசா கிடைக்குமா என்று முதலில் பார்க்கலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா கைப்பையைத் திறந்துவிட்டாள்.