பால் மறந்த முயல் குட்டிகள்: 63 நாள் குறிப்பு

சிங்கப்பூரின் தோ பாயோவில் உள்ள எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்குத் தத்தெடுத்து வந்த பெண் முயல், மூன்றாம் வாரமே ஐந்து குட்டி போட்டது. முயலுக்குச் சினைக்காலம் 31 நாள்தான். வரும்போதே சினையாக இருந்திருக்கிறது.

முதல் வாரம் அம்மாவுக்குத்தான் பெரிய கவலை. "தாய் கிட்டயே போகலையேடா, குட்டிங்க பட்டினி கிடக்குது பாரு" என்பார். தாய் முயல் நாளைக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறைதான் பால் கொடுக்கும்; அதுவும் சில நிமிடம். அதனால் தினமும் காலையில் சமையலறைத் தராசில் ஒவ்வொரு குட்டியாக நிறுத்து எழுதினேன். எடை ஏறுவதை நோட்டில் காட்டியபிறகுதான் அம்மா சமாதானமானார்.

11ஆம் நாள் கண் திறந்தது. 18ஆம் நாள் பெட்டியை விட்டு வெளியே வந்து தாயின் உலர்புல்லைக் கடிக்க ஆரம்பித்தன. தாயின் புழுக்கையையும் தின்றன! பதறிப்போய்க் கூட்டித் தள்ளினேன். செரிமானத்துக்கு வேண்டிய நுண்ணுயிரிகள் குட்டியின் குடலுக்கு அந்த வழியாகவும் போகின்றன என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து ஈரமான இடத்தை மட்டும் மாற்றுகிறேன்.

பண்ணைகளில் 28 முதல் 35 நாளுக்குள் பால் மறக்கடிப்பது வழக்கம். நானும் 28ஆம் நாள் தாயை வேறு கூண்டுக்கு மாற்றினேன். அன்றைக்கே பெல்லட்டை (கடையில் விற்கும் உருட்டிய முயல் தீவனம்) கிண்ணம் நிறைய வைத்தேன், கொஞ்சம் கங்கோங் கீரையும் போட்டேன். 31ஆம் நாள் சாம்பல் நிறக் குட்டி மூலையில் குந்தியிருந்தது. வயிறு உப்பியிருந்தது, கழிச்சலும் இருந்தது. மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அன்றிரவே இறந்துவிட்டது. நோட்டைப் புரட்டினால், முந்தின நாளே அதற்கு எடை ஏறவில்லை. எழுதியிருந்தும் நான் கவனிக்கவில்லை.

பால் குடிக்கும் குட்டியின் இரைப்பையில் அமிலம் குறைவு. தாய்ப்பாலிலிருந்து உண்டாகும் கொழுப்பு அமிலங்கள்தான் கிருமியைத் தடுக்கின்றன. பாலை நிறுத்தினால் அந்தக் காவல் போய்விடும். வளர்ந்த முயலுக்கு உள்ள கடும் அமிலமோ இன்னும் வந்திருக்காது. அந்த நேரத்தில் மாவுச்சத்து அதிகம் போனால், செரிக்காத மிச்சம் பின்குடலில் புளித்துக் கெட்ட கிருமிகள் பெருகிவிடும். பண்ணையில் தாயை அடுத்த ஈற்றுக்குத் தயார் செய்ய வேண்டும், அவர்களுக்கு அவசரம். வீட்டில் எனக்கு என்ன அவசரம்?

தாயை மீதி நான்கு குட்டிகளிடம் திரும்ப விட்டேன். மூன்று நாள் இடைவெளிக்குப் பிறகும் பால் கொடுத்தது. கீரையை அடியோடு நிறுத்தினேன். குதிரை மசால் உலர்புல் எந்நேரமும் முன்னால் இருக்கும். பெல்லட் மட்டும் அளந்து, குட்டிக்குக் காலை ஒரு தேக்கரண்டி, மாலை ஒரு தேக்கரண்டி. அந்த அளவைச் சில நாளுக்கு ஒருமுறைதான் கூட்டினேன்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் உலர்புல் சீக்கிரம் பூசணம் பிடித்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, ஒவ்வொரு கைப்பிடியையும் மோந்து பார்த்தே போடுகிறேன். மதிய வெக்கையில் குட்டிகள் தின்னாமல் நீட்டிப் படுத்துவிடும். அதனால் முக்கியத் தீனி விடியற்காலையிலும் இரவு 7 மணிக்கு மேலும்தான். மதியம் உறைந்த தண்ணீர்ப் புட்டியைத் துணி சுற்றிக் கூண்டில் வைப்பேன், அதில் ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

ஆறாம் வாரம் தாயே குட்டிகளை உதறித் தள்ளத் தொடங்கியது. 49ஆம் நாள் தாயை மட்டும் வெளியே எடுத்தேன். குட்டிகளுக்கு அதே கூண்டு, அதே வாசனை, அதே கிண்ணம். தீனியில் ஒரு மாற்றமும் செய்யவில்லை. ஒரு குட்டிக்கு மட்டும் 10 கிராம் இறங்கி மறுநாளே ஏறிவிட்டது.

56ஆம் நாள் தேக்கா சந்தையில் வாங்கிய கொத்தமல்லி, ஆளுக்கு ஓர் இலை. மறுநாள் காலை முதல் வேலையாகப் புழுக்கையைத்தான் பார்த்தேன். நன்றாக இருந்தது, இரண்டாவது இலையும் கொடுத்தேன்.

இன்று 63ஆம் நாள். நான்கின் புழுக்கையும் காய்ந்து, உருண்டையாக இருக்கிறது. அடுத்த வாரம் இரண்டு ஆண் குட்டிகளையும் பிரிக்க வேண்டும். அவற்றுக்கான கூண்டைக் கழுவித் தாழ்வாரத்தில் காயவைத்திருக்கிறேன்.