பி12-உம் வடித்துக் கொட்டிய கஞ்சியும்

பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுப்பு, கூடவே ஆறவே ஆறாத கடைவாய்ப் புண். சர்க்கரை இருந்தால் இதெல்லாம் சகஜம் என்றார்கள் வீட்டில். மருத்துவர் அப்படி விடவில்லை. “சுத்த சைவமா? சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை ரொம்ப வருஷமா எடுக்கறீங்களா?” என்று கேட்டு, இரண்டுக்கும் ஆமாம் என்றதும் வைட்டமின் பி12 ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முடிவு 146. 200-க்குக் கீழே போனாலே பற்றாக்குறைதான்.

பி12 செடிகொடிகளில் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி, அவ்வளவுதான். போதாக்குறைக்கு மெட்ஃபார்மின், சாப்பிட்டதில் இருக்கும் பி12-ஐயும் குடல் சரியாக உறிஞ்சவிடாது. முதலில் ஊசி, அப்புறம் மாத்திரை என்று போனது. பழைய சோற்றில் இருக்கிறது, சுருள்பாசியில் (ஸ்பைருலினா) இருக்கிறது என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சுருள்பாசியில் இருப்பது பெரும்பாலும் நம் உடம்புக்கு உதவாத போலி பி12. பழைய சோறு எனக்கும் பிடிக்கும், ஆனால் பி12-க்கு அதை நம்ப முடியாது. ஒரு நாளைக்குத் தேவை இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். ஒரு பெரிய டம்ளர் பாலில் ஏறக்குறைய ஒன்று கிடைக்கும். தண்ணீர் கலந்த காபிப் பாலை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மற்ற பி வைட்டமின்கள் கதையே வேறு. அவை எங்கள் அடுக்களையிலேயே இருந்தன, பாதி கழுநீரோடும் கஞ்சியோடும் தொட்டிக்குள் போய்க்கொண்டிருந்தன. எல்லாமே தண்ணீரில் கரைபவை. இப்போது அரிசியை ஒரு தடவை அலசுவதோடு சரி. கஞ்சி வடிக்காமல் அளவுத் தண்ணீரில் குக்கரில் வைக்கிறோம். அரிசியும் புழுங்கல்தான். நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, ஆலையில் தீட்டினாலும் கொஞ்சம் தங்கும். பழைய சென்னை மாகாணத்தில், தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட வடசர்க்கார் (இன்றைய ஆந்திரக் கடலோரம்) பக்கம், பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் இருந்தது. புழுங்கல் சாப்பிட்ட தெற்கே அது அவ்வளவாக எட்டிப் பார்க்கவில்லை. ஜாவாவில் கோழிகளுக்குத் தீட்டிய அரிசி போட்டு இதே விஷயத்தைத் தொட்ட டச்சு மருத்துவர் எய்க்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

கீரையில் ஃபோலேட் என்கிற பி9 நிறைய. குழையக் குழைய வேகவைத்தால் பெரும்பகுதி போய்விடும். அரைக்கீரையை நறுக்குவதற்கு முன்பே அலசி, கை அளவு தண்ணீர் தெளித்து மூடி, சுருண்டதும் இறக்கிவிடுகிறோம். நிறம் கறுக்காமல் இருக்கும், ருசியும் தேவலை. சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதில் பச்சைப்பயறு சுண்டல் அல்லது ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை. நயாசின் என்கிற பி3 தேவையில் கால் பங்கு அந்தக் கைப்பிடியிலேயே வந்துவிடும்.

ஒன்று மட்டும் கவனம். பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் அமில (ஃபோலேட்) மாத்திரையை மட்டும் நாமாக வாங்கிப் போட்டால் ரத்தசோகை சரியான மாதிரி தெரியும், நரம்பு பாட்டுக்குக் கெட்டுக்கொண்டிருக்கும்.

புண் சீக்கிரம் ஆறியது. குறுகுறுப்பு மெல்லத்தான் விலகியது, கட்டைவிரலில் இன்னும் கொஞ்சம் மிச்சம். மறுபரிசோதனையில் அளவு ஏறியிருந்தது. மெட்ஃபார்மின் தொடர்வதால் பி12 மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்றும், வருஷா வருஷம் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்றும் மருத்துவர் சொல்லியிருக்கிறார்.