கடலூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு இளையோரோடு நடைப்பயணம்: பொறுப்பாளர் கவனத்துக்கு

ஆகஸ்ட் கடைசி வாரம் வந்துவிட்டால் கடலூர்–சிதம்பரம் சாலையின் ஓரமெல்லாம் காவி உடுப்புதான். 29-ஆம் தேதி மாலை வேளாங்கண்ணியில் கொடியேற்றம், செப்டம்பர் 7 மாலை பெரிய தேர், 8-ஆம் தேதி அன்னையின் பிறப்பு விழா. சென்னையிலிருந்தும் புதுவையிலிருந்தும் கடற்கரை வழியாகக் கிளம்புகிற கூட்டம் கடலூரைத் தாண்டித்தான் போகவேண்டும். அதில் சப்பரம் இழுத்துக்கொண்டு, 'மரியே வாழ்க' என்று குரல் கொடுத்துக்கொண்டு போகும் பங்கு இளையோர் குழுக்கள் நிறைய. அந்தப் பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்றுப் போகிறவர்களுக்காகவே இது. முன்னால் நின்று ஜெபம் சொல்லவும் பாட்டு எடுக்கவும் ஆள் தானாகக் கிடைத்துவிடும். பின்னால் நடக்கத்தான் ஆள் கிடைக்காது. பொறுப்பாளரின் இடம் அந்தப் பின்வரிசை.

கடலூரிலிருந்து வேளாங்கண்ணி 140 கிலோமீட்டரை ஒட்டி வரும். பெரியவர்கள் ஐந்து நாளில் முடித்துவிடுவார்கள். இளையோருக்கு ஆறு நாள் வைப்பதே சரி. 24-ஆம் தேதி அதிகாலை கிளம்பினால் முதல் இரவு புதுச்சத்திரம், இரண்டாவது சிதம்பரம், மூன்றாவது சீர்காழி, நான்காவது தரங்கம்பாடி, ஐந்தாவது நாகூர், 29 காலை வேளாங்கண்ணி. சிதம்பரம்–சீர்காழி வெறும் 20 கிலோமீட்டர்தானே, ஏன் அங்கேயே நிற்கவேண்டும் என்று ஒவ்வொரு குழுவிலும் யாராவது கேட்பார்கள். மூன்றாம் நாள்தான் கால் மிக மோசமாக இருக்கும். முதல் நாள் கிளம்பிய கொப்புளம் அன்றைக்குத்தான் உடையும், ஆடுசதையும் இறுகிப்போயிருக்கும். அன்று குறைத்து நடந்தால் அடுத்த நாள் 30 கிலோமீட்டர் நடக்கத் தெம்பிருக்கும்.

ஜூலையிலேயே ஒரு ஒத்திகை நடை வேண்டும். சனிக்கிழமை இரவு கடலூரில் கிளம்பி, ஞாயிறு காலைத் திருப்பலிக்கு வில்லியனூர் லூர்து அன்னை திருத்தலத்தில் இருப்பது நல்ல ஒத்திகை. யாருக்கு எந்தச் செருப்பு கடிக்கிறது, யாருக்கு வீசிங் உண்டு, யார் யாரோடு சேர்ந்தால் பின்தங்குகிறார்கள் என்பதெல்லாம் அந்த ஒரே இரவில் தெரிந்துவிடும். பயணத்துக்கென்று புதுச்செருப்பு வாங்குகிற பிள்ளையிடம் அதை ஒத்திகைக்கே போட்டுக்கொண்டு வரச் சொல்லவேண்டும். பத்தாம் வகுப்புக்குக் கீழே உள்ளவர்களைப் பெற்றோர் கூட வராமல் சேர்க்காமலிருப்பது நல்லது. பங்குத்தந்தையின் சிபாரிசோடு வந்தாலும் இதே பதில்தான்.

பெயர், ரத்த வகை, சாப்பிடும் மாத்திரை, ஒவ்வாமை, வீட்டிலுள்ள இரண்டு பேரின் போன் நம்பர், பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து. இது எல்லாம் ஒரே தாளில் இருக்கவேண்டும். ஒரு நகல் குழுவோடு வரும் வண்டியில், ஒரு நகல் பொறுப்பாளர் பையில், ஒன்று பங்கு அலுவலகத்தில். இரவு தங்கும் பள்ளிக்கும் மண்டபத்துக்கும் பங்குத்தந்தையின் கடிதம் முன்கூட்டியே போகவேண்டும். போனில் 'வாங்க, பாத்துக்கலாம்' என்று சொன்ன இடத்தில் இரவு ஒன்பது மணிக்குப் பூட்டுதான் தொங்கும். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் போதும். பெண்பிள்ளைகளோடு சிஸ்டரோ வேறு பெண் பொறுப்பாளரோ இருவர் கட்டாயம் இருக்கவேண்டும், ஏனென்றால் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் மற்றவர் குழுவோடு நிற்கவேண்டியிருக்கும்.

நடை அதிகாலை மூன்றரைக்கு ஆரம்பித்து ஒன்பது மணிக்குள் முடியவேண்டும். பிறகு சாயங்காலம் நான்கரையிலிருந்து எட்டு வரை. நடுவில் தூக்கம், குளியல், கால் பராமரிப்பு. கூட்டமாக நடக்கும்போது மணிக்கு நான்கு கிலோமீட்டருக்கு மேல் போகாது. பாட்டோடு ஒரு ஜெபமாலை முடிய அரைமணி நேரம் என்றால் அதற்குள் இரண்டு கிலோமீட்டர் போயிருக்கும். இரண்டு ஜெபமாலைக்கு ஒரு முறை பத்து நிமிடம் உட்காருவது என்று வைத்துக்கொண்டால் யாரும் கடிகாரம் பார்க்க வேண்டாம். நிற்கிற இடத்தை நிழலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல் கழிப்பறையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பெட்ரோல் பங்க், கோவில் வளாகம், திறந்திருக்கும் பள்ளி என்று வழியில் உள்ளவற்றை ஒத்திகைக்குப் பிறகு ஒருவர் பைக்கில் போய்ப் பார்த்துக் குறித்துவந்தால் பெண்பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் பயணம் செய்யும் கொடுமை குறையும். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைத் தள்ளிப்போடுகிற பிள்ளைதான் மதியம் மயங்கி விழும்.

தண்ணீர்க் கணக்கு எளிது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர். நாற்பது பேர் என்றால் 200 லிட்டர், அதாவது இருபது லிட்டர் கேன் பத்து. குட்டியானை வண்டியில் இதை ஏற்றினால் பைகளுக்கு இடம் குறையும், அதனால் பாதியை வழியில் நிரப்பிக்கொள்ளலாம். இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர், தாகம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். ஓ.ஆர்.எஸ். விஷயத்தில் எல்லாக் குழுவிலும் ஒரே தப்புதான் நடக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கான பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிவிடுவார்கள், 'ஸ்ட்ராங்கா இருந்தா நல்லதுதானே' என்று. உப்பு கூடினால் தாகம் தணியாது, வாந்திதான் வரும். வண்டியிலேயே ஒரு லிட்டர் பாட்டில்களில் கரைத்து வைத்துக் கொடுத்தால் இந்தக் குழப்பமே இல்லை. பாட்டை நிறுத்திவிட்டு தலைவலி என்று சொல்கிற, வியர்த்து ஊற்றும்போதே உடம்பு சிலிர்க்கிற பிள்ளையை உடனே உட்காரவைத்து கழுத்திலும் அக்குளிலும் தண்ணீர் ஊற்றவேண்டும். பேச்சு குழறினால் யோசிக்கவே வேண்டாம், 108-தான்.

வெறுங்காலில் நடக்கும் நேர்த்திக்கடன் நிறையப் பிள்ளைகளுக்கு உண்டு. காலை பத்து மணிக்கு மேல் தார் கொதிக்கும். அப்போது எல்லாக் காலும் தானாகச் சாலையோர வெள்ளைக் கோட்டுக்கு வந்துவிடும். வெள்ளைப் பெயிண்ட் அவ்வளவு சுடாது. அந்தக் கோடு வண்டி போகிற இடத்தை ஒட்டியிருக்கிறது என்பதுதான் சங்கடம். கோட்டின்மேல் வரிசையாகக் கால் வைத்து, தலையைக் குனிந்தபடி ஒரு குழு நடந்தால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம், அங்கேயே நிறுத்திவிடவேண்டும். கடலூரை விட்டு வெளியே வரும்போது சிப்காட் பக்கம் லாரிகள் திரும்பும் இடங்களில் இன்னும் கவனம் வேண்டும். குழுவின் வண்டி பின்னால் வந்தால் இடதுபக்கம் இரண்டிரண்டு பேராக. வண்டி முன்னால் போய்விட்ட நேரத்தில் வலதுபக்கம், எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி ஒற்றை வரிசையாக. இருட்டில் கடைசி ஆளின் முதுகில் மின்னும் சிவப்பு விளக்கும், எல்லாருடைய பையிலும் ஒளிரும் பட்டையும் வேண்டும். சப்பரத்தின் ஸ்பீக்கர் சத்தத்தைப் பற்றி இளைஞர்களோடு சண்டை வரும். வந்தாலும் பரவாயில்லை, பின்னால் அடிக்கிற ஹார்ன் கேட்கிற அளவுக்குக் குறைக்கச் சொல்லுங்கள்.

கால் பராமரிப்புக்கு ஒரு தனி ஆள் தேவை. கிளம்புமுன் விரலிடுக்கிலும் குதிகாலிலும் வாஸ்லின், தொடை உராயாமல் இருக்கத் தேங்காய் எண்ணெய். நைலான் உள்ளாடை வேண்டாம் என்று பையன்களிடம் முன்கூட்டியே வெட்கப்படாமல் சொல்லிவிடவேண்டும். சின்னக் கொப்புளத்தைத் தொடக்கூடாது. பெரிதாகி நடக்கவிடாமல் வலித்தால் மட்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை மட்டும் வடித்து, மேல்தோலை அப்படியே விட்டு, போவிடோன் அயோடின் வைத்துக் கட்டலாம். தோலை உரித்தெடுப்பவர்களே மறுநாள் வண்டியில் ஏறுகிறார்கள். சர்க்கரை உள்ளவர்களின் காலை ஊசியால் தொடவே கூடாது. மாலையில் திடீர் மழை வந்தால் ஈரக்காலோடு நடக்கவிடாமல் தார்ப்பாயின் கீழே உட்காரவைத்து, துடைத்து, பிறகு கிளம்பலாம்.

வண்டியில் ஏறச் சொன்னால் அழுகிற பிள்ளை உண்டு, நேர்த்தி முறிந்துவிட்டதாம். இதைச் சாலையில் வாதாடித் தீர்க்க முடியாது. கிளம்பும் நாள் அனுப்பும் திருப்பலியில் பங்குத்தந்தையையே சொல்லவைக்கவேண்டும்: உடம்பு முடியாமல் வண்டியில் ஏறினால் நேர்த்தி முறியாது, பொறுப்பாளர் சொன்னால் ஏறவேண்டும் என்று. பீடத்திலிருந்து ஒரு முறை வந்த வார்த்தை வழியில் ஆறு நாளும் உதவும். ஒரு வேளை மட்டும் சாப்பிடுவேன் என்று நோன்பிருக்கும் பிள்ளைகளுக்கும் அவரே அளவு சொல்லிவிட்டால் நல்லது. பால், பழம், கஞ்சிக்கு விலக்கு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வெள்ளாற்றையும் கொள்ளிடத்தையும் தாண்டும் பாலங்கள் நீளமானவை. நடுவில் நின்று போட்டோ எடுக்கக்கூடாது என்று பாலத்துக்கு முன்னாலேயே சொல்லிவிடவேண்டும். தரங்கம்பாடியில் நாள் கூடுதலாக இருந்தால் கொஞ்சம் சுற்றிக் காட்டலாம். 1706-இல் ஜெர்மன் லூத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்கு வந்திறங்கிய ஊர், 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம் இன்னும் வழிபாட்டில் இருக்கிறது, 1620-இல் கட்டிய டேனியக் கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. அந்த ஆலயம் லூத்தரன் (புராட்டஸ்டண்ட்) சபையுடையது, உள்ளே போகும்போது அனுமதி கேட்டு அமைதியாக இருக்கவேண்டும் என்று சொல்லி அழைத்துப் போங்கள். நம் பிள்ளைகளுக்கு அந்த வேறுபாடு தெரிவதில்லை. காரைக்கால் எல்லைக்குள் நுழைந்ததும் நிலைமை மாறும். புதுவை யூனியன் பிரதேசத்துப் பகுதி, மதுக்கடைகள் சாலையை ஒட்டியே இருக்கும். பதினெட்டைத் தாண்டிய பையன்கள் குழுவில் இருந்தால் அன்று கணக்கெடுப்பைக் கூட்டி, காரைக்காலில் இரவு தங்காமல் நாகூர் வரை போய்விடுவதே புத்திசாலித்தனம்.

கணக்கெடுப்பு என்பது தலையை விரலால் எண்ணுவதல்ல. ஒவ்வொருவருக்கும் ஒரு எண், கையில் துணிப்பட்டையில் அழியாத மையால் எழுதியது. ஒன்று, இரண்டு என்று அவரவர் குரல் கொடுக்கவேண்டும். நிற்கும்போது எண்ணிப் பயனில்லை, கிளம்பும்போது எண்ணவேண்டும். பின்னால் ஒதுங்கப் போனவர் விடுபடுவது கிளம்பும் நிமிடத்தில்தான்.

அவ்வளவு தூரம் கட்டுக்கோப்பாக நடந்துவந்த குழு சிதறுவது வேளாங்கண்ணிக்குள் நுழைந்த பிறகுதான். அதுவரை பொறுப்பாளர் விழிப்பாக இருந்திருப்பார், அங்கே சேர்ந்ததும் அசந்துபோவார். கொடியேற்ற நாளில் போன் சிக்னல் கிடைக்காது, 'கோவில் வாசல்ல நில்லு' என்றால் எந்த வாசல் என்று தெரியாது. சந்திக்கும் இடம் மாதா குளம் பக்கமாக இருக்கட்டும், யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள், பசிலிக்கா முகப்பைவிட நெரிசலும் குறைவு. போன் வந்தாலும் வராவிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அங்கே வந்து எண் சொல்லவேண்டும். முழங்காலில் நகரும் மணல்பாதையில் நேர்த்தி உள்ளவர்களை வெயில் ஏறுமுன் அனுப்பி, முழங்காலுக்குத் தடிமனான துணி கட்டிவிடுங்கள். ஒவ்வொருவரோடும் தண்ணீர்ப் பாட்டிலோடு ஒருவர் நடக்கவேண்டும்.

கடல்தான் பெரிய கவலை. ஆறு நாள் நடந்த களைப்பில் காலைக் கடல்நீரில் நனைக்கவேண்டும் என்று எல்லாப் பிள்ளைகளும் ஓடுவார்கள். களைத்த கால் அலை இழுப்பைத் தாங்காது, நனைந்த காவி வேட்டி காலைச் சுற்றும். கணுக்கால் ஆழத்துக்கு மேல் இல்லை, பத்துப் பத்துப் பேராக மட்டும், கரையில் இரண்டு பெரியவர் நிற்க. 2004 டிசம்பர் 26 இந்தக் கரையில் எத்தனை பேரைக் கொண்டுபோனது என்று வீட்டில் கேட்டு வளர்ந்த கடலூர்ப் பிள்ளைகளுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

திரும்பும் வண்டியைக் கடலூரிலிருந்தே பேசி வைத்துவிடுங்கள். கொடியேற்றம் முடிந்ததும் சிறப்புப் பேருந்துகளில் நாற்பது பேர் ஒன்றாக ஏற முடியாது. ஏறும்போது ஒரு முறை, வழியில் டீக்கு நிறுத்தினால் மறுபடி ஒரு முறை எண்ணவேண்டும். பிள்ளைகளை ஆலய வாசலில் இறக்கிவிட்டுக் கிளம்பாமல், பெற்றோர் வந்து அந்த ஒற்றைத் தாளில் கையெழுத்துப் போட்ட பிறகே ஒவ்வொருவராக அனுப்புங்கள். இரவு இரண்டு மணி ஆனாலும் சரி.