எண்கள் சரி, திசை மாறியிருந்தது

எங்கள் அதிர்வுக் கணக்கு மென்பொருளின் வரைபடத்தில் ஒரு பிழை தெரிந்த அன்று, மேலாளர் கேட்டதற்கு நான் சொன்ன பதிலில் பொய் எதுவும் இல்லை. "எண்கள் சரியா, தப்பா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார். "எண்கள் சரி. திசை மாறியிருக்கு" என்றேன். முதல் வாக்கியம் முடிந்ததுமே அவருக்கு மூச்சு வந்துவிட்டது. இரண்டாவதைச் சொல்லும்போது அவர் போனில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மாலையில் எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்தது: வரைபடத்தில் லேபிள் பிழை, கணக்கில் பாதிப்பு இல்லை.

நான் சொன்னதை வைத்தே அப்படி ஒரு வரி எழுத முடிந்தது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

எங்கள் மென்பொருள் சுழலும் தண்டுகளின் அதிர்வைக் கணக்கிடுவது. மேட்ரிக்ஸ்களை, அதாவது எண் கட்டங்களை, கட்டும் பகுதி சி++. அவற்றை வாங்கித் தீர்க்கும் பகுதி ஃபோர்ட்ரான். அதை எழுதியவர் பணி ஓய்வு பெற்று ஆலோசகராக வந்துபோகிறவர். எல்லோருக்கும் அவர் ‘சார்’. இரண்டு மொழிக்கும் நடுவே போவது ஒரு பாயின்டர் மட்டும், நினைவகத்தில் எண்கள் தொடங்கும் இடம். வீட்டு முகவரி கொடுப்பது போலத்தான் அது. உள்ளே அறைகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று முகவரி சொல்லாது.

நினைவகத்தில் 1, 2, 3, 4, 5, 6 என்று ஆறு எண்கள் வரிசையாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டுக்கு மூன்று மேட்ரிக்ஸ் என்று சி மொழியிடம் சொன்னால், முதல் கிடைவரிசை 1, 2, 3 என்று படிக்கும். ஃபோர்ட்ரானிடம் அதையே சொன்னால் முதல் நெடுவரிசை 1, 2 என்று தொடங்கும்; அதன் கண்ணுக்கு முதல் கிடைவரிசை 1, 3, 5. இரண்டில் எதுவும் தவறல்ல. 1957-இல் ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் குழு வெளியிட்ட ஃபோர்ட்ரான் ஒரு வழக்கத்தை எடுத்துக்கொண்டது. 1970-களில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மறுவழக்கத்தை எடுத்துக்கொண்டது; சி++-உம் அதன் வழிதான். மேட்லேப், ஆர், ஜூலியா மூன்றும் ஃபோர்ட்ரான் பக்கம். பைத்தானின் நம்பை, எதுவும் சொல்லாவிட்டால், சி பக்கம். கிடைவரிசையும் நெடுவரிசையும் எண்ணிக்கையில் வேறுபட்டால் எண்கள் கண்டபடி சிதறும், உடனே தெரிந்துவிடும். சதுர மேட்ரிக்ஸில்தான் ஆபத்து. அது சத்தமில்லாமல் டிரான்ஸ்போஸ் ஆகி, அதாவது கிடைவரிசை நெடுவரிசையாகத் திரும்பி, உள்ளே போய்விடும்.

இந்த இணைப்பைத் தம்பி ஒருவர் எழுதினார். வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை, ஆனால் விஷயம் தெரிந்தவர். "மாத்தி அனுப்பணுமா சார்?" என்று அவர் கேட்டதற்கு, "ஸ்டிஃப்னெஸ் மேட்ரிக்ஸ் சமச்சீர்தானே, அப்படியே அனுப்பு, காப்பி எதுக்கு?" என்று சார் சொல்லியிருக்கிறார். ஸ்டிஃப்னெஸ் என்பது தண்டின் விறைப்பு. மிகச் சரியான பதில். சமச்சீர் மேட்ரிக்ஸைத் திருப்பினாலும் அதேதான். நிறையைச் சொல்லும் மாஸ் மேட்ரிக்ஸும் அப்படித்தான். பல மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் கைரோஸ்கோபிக் விளைவை, அதாவது சுழற்சியே அதிர்வை மாற்றும் விளைவை, சேர்த்தோம். அந்த மேட்ரிக்ஸ் எதிர்சமச்சீர். திருப்பினால் ஒவ்வொரு எண்ணுக்கும் குறி மாறிவிடும். அதுவும் அதே வாசல் வழியாகத்தான் உள்ளே போனது.

குறி மாறினால் என்ன ஆகும்? தண்டு எதிர்த்திசையில் சுழல்வதாக ஃபோர்ட்ரான் எடுத்துக்கொள்ளும். ஆனால் அதிர்வெண்களைத் தரும் ஐகன் மதிப்புகள் மாறாது. அவை டிடர்மினன்ட்டிலிருந்து வருபவை. ஒரு மேட்ரிக்ஸுக்கும் அதன் டிரான்ஸ்போஸுக்கும் டிடர்மினன்ட் ஒன்றுதான். கல்லூரி முதல் ஆண்டில் படித்ததுதான். எங்கள் சோதனைகள் எல்லாமே அதிர்வெண்களைத் தெரிந்த விடைகளோடு ஒப்பிடுபவை. ஆகவே எல்லாம் பச்சை, அதாவது தேர்ச்சி. எத்தனை தசம இடம் வேண்டுமானாலும் ஒப்பிட்டிருக்கலாம், பச்சையாகத்தான் இருந்திருக்கும்.

கண்டுபிடித்தது சார். வேறு ஏதோ வேலையாக வந்தவர், என் திரையில் இருந்த கேம்ப்பெல் வரைபடத்தை, வேகத்தோடு அதிர்வெண்கள் எப்படி மாறுகின்றன என்று காட்டும் படத்தை, பார்த்து நின்றார். "ஏம்மா, இந்த பேக்வர்டு கோடு ஏன் ஏறுது?" என்றார். தண்டு சுழலும் திசையிலேயே அதன் வளைவும் சுற்றினால் ஃபார்வர்டு வேர்ல், எதிர்த்திசையில் சுற்றினால் பேக்வர்டு. வேகம் கூடக்கூட ஃபார்வர்டின் அதிர்வெண் ஏற வேண்டும், பேக்வர்டு இறங்க வேண்டும். எங்கள் படத்தில் பெயர்கள் இடம் மாறி இருந்தன. இது அழகுக் குறை அல்ல. தண்டின் சமநிலைக் குறைவு, தாங்கிகள் (பேரிங்) எல்லாப் பக்கமும் ஒரே விறைப்பில் இருந்தால், ஃபார்வர்டை மட்டும்தான் தூண்டும். ‘பேக்வர்டுதானே’ என்று ஒரு பொறியாளர் ஒதுக்கிவிடக்கூடிய கோடு, உண்மையில் இயந்திரத்தை அந்த வேகத்தில் ஓடவிடக்கூடாது என்று எச்சரிக்கும் கோடு. சில அறிக்கைகள் ஏற்கெனவே வெளியே போயிருந்தன.

காரணத்தைத் தேடிப் போனபோது மூவரும் ஒரே மேசையில் இருந்தோம். தம்பி சொன்னார்: "மேம், ரெண்டு மொழியும் வேற வேற மாதிரி அடுக்கும்னு எனக்குத் தெரியும். தேவையில்லன்னு சார் சொன்னதால விட்டேன்." சார் சொன்னார்: "சொன்னேன். ஸ்டிஃப்னெஸுக்குச் சொன்னேன்." இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். அந்த இரண்டு உண்மைக்கும் நடுவே ஒரு நிபந்தனை எங்குமே எழுதப்படாமல் கிடந்தது. ‘சமச்சீராக இருக்கும்வரை’ என்ற அந்த ஒரு வரி புரோகிராமிலும் இல்லை, ஆவணத்திலும் இல்லை, சாரின் தலைக்குள் மட்டும் இருந்தது. நான் தம்பியிடம் "உங்க மேல தப்பு இல்ல" என்றேன். சார் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். அந்த ஒரு வாக்கியத்தால் சாரின் மேல் பழியைத் தள்ளினேனா என்று பிறகு யோசித்திருக்கிறேன். சொல்லாமல் விட்டிருந்தால் அந்தப் பையன் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்க மாட்டார். சொன்னது சரி என்றே நினைக்கிறேன்.

மேலாளரின் முடிவு, படம் வரையும் பகுதியில் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றிவிட்டுத் திருத்திய அறிக்கைகளை அனுப்புவது. நான் ஒப்புக்கொண்டேன். சரியான படம் வாடிக்கையாளர் கைக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்பதைவிட அன்று பெரிய விஷயம் எனக்கு இல்லை. போயிருந்த அறிக்கைகள் அனைத்தும் சமச்சீர் விறைப்புள்ள பந்து பேரிங் வைத்தவை. அவற்றில் அதிர்வு வடிவத்தின் அளவும் மாறாது, சுற்றும் திசை மட்டும் தலைகீழாகும். அதாவது, அந்த அறிக்கைகளைப் பொறுத்தவரை ‘லேபிள் பிழை’ என்ற வரி கணக்குப்படி உண்மை! இதை எத்தனை தரம் யோசித்தாலும் மறுக்க முடியவில்லை. ஆனால் எண்ணெய்ப் படல பேரிங் வந்தால் விறைப்பு மேட்ரிக்ஸே சமச்சீராக இருக்காது. அப்போதும் அதிர்வெண்கள் சரியாகவே வரும், வடிவங்கள் தவறாக வரும், பெயரை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. ‘கணக்கில் பாதிப்பு இல்லை’ என்று படித்தவர் யாரும் அதைத் தேடிப் போக மாட்டார். இதைப் பதில் மின்னஞ்சலில் விரிவாக எழுதினேன். வந்தது ஒரு ‘நன்றி’.

அதன்பின் நான் செய்தது, வாசலிலேயே எல்லா மேட்ரிக்ஸையும், சமச்சீரோ இல்லையோ, அடுக்கு மாற்றிக் காப்பி எடுத்து அனுப்பும்படி ஆக்கியது. படத்தில் பெயர்களை இடம் மாற்றிய ஒட்டுவேலையையும் அதே திருத்தத்தில் நீக்கினேன். ஒன்று இருந்து மற்றது போனால் மறுபடி தலைகீழ். சோதனைக்கு 11, 12, 13, 21, 22 என்று ஒவ்வொரு எண்ணும் தன் இடத்தைச் சொல்லும் ஒரு மேட்ரிக்ஸ் வைத்தேன்.

சாருக்கு இதில் உடன்பாடில்லை. டிரான்ஸ்போஸா இல்லையா என்று ஒரு அடையாளம் (ஃபிளாக்) அனுப்பினால் போதும், காப்பி வீண் என்றார். கணுவுக்கு நான்கு அசைவு என்று நூறு கணுக்கள் (கணக்கிடும் புள்ளிகள்) உள்ள தண்டுக்கு 400-க்கு 400 மேட்ரிக்ஸ், எண்ணுக்கு 8 பைட் என்றால் 1.28 எம்பி, தீர்க்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் காப்பி ஒரு பொருட்டே அல்ல என்றேன். ஃபோர்ட்ரான் பிறந்த ஐபிஎம் 704-இல் அதிகபட்ச நினைவகமே 32,768 சொற்கள். 1,60,000 எண்களை அதில் வைக்கவே முடியாது, காப்பி எப்படி எடுப்பது? அந்தச் சிக்கனம் அந்த மொழிக்காரர்கள் கையில் தங்கிவிட்டது, அதை நான் மதிக்கிறேன். ஃபோர்ட்ரானில் எழுதிய மேட்ரிக்ஸ் கணக்கு நூலகமான லாப்பேக்கை சி வழியாகக் கூப்பிடும் இடைமுகமும் முதல் ஆர்குமென்ட்டிலேயே எந்த அடுக்கு என்று சொல்லச் சொல்கிறது. கிடைவரிசை என்றால் பெரும்பாலான ரொட்டீன்களில் அதுவும் உள்ளே காப்பிதான் எடுக்கிறது என்றேன். "சரிம்மா, காப்பி எடு. படத்தைப் பார்க்கிறத மட்டும் விட்டுடாத" என்றார்.

ஆளின் நினைவை நம்பி ஒரு வாசலைக் கட்டக்கூடாது என்று எல்லாக் கூட்டத்திலும் சொல்லிவருகிறேன். ஆனால் அன்று பிழையைப் பிடித்தது ஓர் ஆளின் கண். அந்தச் சோதனை அப்போதே இருந்திருந்தால் அதுவும் பிடித்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் கைரோஸ்கோபிக் வருவதற்கு முன் அப்படி ஒரு சோதனை வேண்டும் என்று எங்களில் யாருக்காவது தோன்றியிருக்குமா? தம்பி இப்போது வரைபடத்தைத் திறப்பதற்கு முன் சோதனைப் பட்டியலைத்தான் பார்க்கிறார். என்னிடமிருந்து கற்றது அது.

அடுத்த பதிப்பில் பெரிய மாடல்களுக்காகப் பூச்சியம் நிறைந்த மேட்ரிக்ஸ்களை, பூச்சியங்களை விட்டுவிட்டு மூன்று பட்டியல்களாகச் சுருக்கி அனுப்பப் போகிறோம். கிடைவரிசையாகச் சுருக்கிய மூன்று பட்டியல்களை நெடுவரிசையாகச் சுருக்கியவை என்று படித்தால், கிடைப்பது மறுபடியும் டிரான்ஸ்போஸ். எந்த வகை என்பதைத் தரவோடு சேர்த்தே அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஃபோர்ட்ரான் பக்கம் வாங்க மறுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த முறை காப்பி மலிவாக இருக்காது என்று சார் சொல்கிறார், அது உண்மைதான். மேலாளர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.