கைக்கு வேலையில்லை, காலுக்கு ஓய்வில்லை

மியான்மரின் யாங்கோனில் எங்கள் தெருப் பையன்கள் சாயங்காலமானால் லுங்கியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு சின்லோன் ஆட இறங்கிவிடுவார்கள். பிரம்புப் பந்து, வழக்கமாக ஆறு பேர், வட்டமாக நடந்துகொண்டே குதிகால், உள்ளங்கால், பாதத்தின் பக்கவாட்டு, முழங்கால் என்று மாற்றி மாற்றித் தட்டவேண்டும், கை படக்கூடாது, பந்து கீழே விழக்கூடாது, அவ்வளவுதான். எதிரணியே கிடையாது! 2013 தென்கிழக்கு ஆசிய விளையாட்டில் இதையும் போட்டியாக்கிப் பதக்கம் கொடுத்தார்கள், எனக்கென்னவோ அது ஒட்டவில்லை.

மியான்மரின் குத்துச்சண்டையான லெத்வே வேறு ரகம். தாய்லாந்தின் முவாய் தாயில் முஷ்டி, முழங்கை, முழங்கால், பாதம் என்று எட்டு ஆயுதம் என்றால் இங்கே ஒன்பதாவதாகத் தலையாலும் முட்டலாம், அதுவும் கையுறை இல்லாமல் வெறும் துணிச்சுற்றோடு. மரபுப்படி புள்ளிக்கணக்கும் கிடையாது, யாரும் வீழவில்லையென்றால் சமன். பார்க்கவே எனக்குப் பல் கூசும், என் மச்சானோ முதல் வரிசையில்தான் உட்காருவான்.