மேல் எல்லை போடும் வேலை

எங்கள் அலுவலகத்தில் ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் எழுதிய நிரல்களைப் பேக்கேஜாகக் கட்டி வெளியிட ஒரு கருவி உண்டு. ஹாஸ்கெல் பேக்கேஜ்களைக் கட்ட உதவும் கபால் நூலகத்தின் மேல் எழுதிய சின்னக் கருவிதான். அதைப் பராமரிப்பது என் பொறுப்பு. புதிதாகச் சேருகிறவர்கள், "டைப் செக்கரே எல்லாத்தையும் பிடிச்சிடுமே, இதுல பராமரிக்க என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். தரவு வகைகள் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் அந்தச் சோதனை நிரலில் உள்ள தப்பைப் பிடிக்கும், சரி. ஆனால் என் நேரம் போவதெல்லாம் பேக்கேஜ் விவரக் கோப்பில் எழுதியிருக்கும் பதிப்பு எண்களில். அவை உண்மையா என்று எந்த டைப் செக்கரும் பார்ப்பதில்லை.

ஹாஸ்கெல் உலகில் பதிப்பு எண்ணுக்குப் பிவிபி (பேக்கேஜ் வெர்ஷனிங் பாலிசி) என்று தனி விதி இருக்கிறது. 1.4.2 என்றால் 1, 4 இரண்டும் சேர்ந்ததுதான் பெரிய எண். ஒரு ஃபங்ஷனை நீக்கினாலோ அதன் டைப்பை மாற்றினாலோ 1.5 ஆக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் பக்கமிருந்து வருகிறவர்கள் முதல் எண்ணை மட்டும் பார்த்துப் பழகியவர்கள், 1.5-ஐச் சின்ன மாற்றம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அதனால்தான் ஒரு பேக்கேஜ் சார்ந்திருக்கும் நூலகங்களுக்கு "1.5-க்குக் கீழே மட்டும்" என்று மேல் எல்லை போடுகிறோம். இன்னும் வெளிவராத பதிப்பைப் பற்றி இன்றே எப்படிச் சொல்ல முடியும் என்ற சண்டை பழையது. நான் போடச் சொல்லும் கட்சி. 2021-இல், ஜேசான் தரவைக் கையாளும் ஏசான் நூலகத்தின் 2.0 வந்தபோது ஜேசான் ஆப்ஜெக்டின் டைப்பே ஹாஷ்மேப்பிலிருந்து கீமேப்புக்கு மாறியது. ஹாஷ் மோதல்களை வைத்து சர்வரை முடக்கும் தாக்குதலைத் தடுக்கச் செய்த நியாயமான மாற்றம்தான். எல்லை போட்டவர்கள் நிதானமாக மாறிக்கொள்ள முடிந்தது.

போடாமல் விட்டால் வரும் வினை இன்னும் விசித்திரமானது. ஒரு பேக்கேஜின் புதிய பதிப்புகளில் எல்லாம் எல்லை ஒழுங்காக இருக்கும். என்றோ வெளியிட்ட 0.1-இல் மட்டும் இருக்காது. ஹாஸ்கெல் கம்பைலரான ஜிஎச்சி புதிதாக வந்து, அதோடு வரும் பேஸ் நூலகத்தின் எண் ஏறியதும், ஒத்துப்போகும் பதிப்புகளைத் தேடும் சால்வர் புதிய பதிப்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே பின்னால் போகும். கடைசியில், யாரோடும் ஒத்துப்போவேன் என்று நிற்கும் அந்த 0.1-ஐப் பிடித்துக்கொள்ளும். பில்ட் உடையும். "செமிகுரூப் இன்ஸ்டன்ஸ் இல்லை" என்று ஒரு பிழை வரும். மோனாய்டு என்ற டைப் வகுப்புக்கு செமிகுரூப் என்ற இன்னொரு வகுப்பு கட்டாயமானது 2018-இல், ஜிஎச்சி 8.4-இல், அதற்கு முன் எழுதிய நிரல் அது. பாவம், அந்தப் பேக்கேஜின் பெயரையே கேள்விப்படாத ஒருவர் பிழையோடு என் மேசைக்கு வந்து நிற்பார்.

புதிய பதிப்பில் எதைத் திருத்தினாலும் இது தீராது. பழையதன் வாயைத்தான் அடைக்க வேண்டும். ஹாஸ்கெல் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான ஹாக்கேஜில் இதற்கு நல்ல வழி உண்டு. ஏற்றிய நிரலை மாற்ற முடியாது. ஆனால் சார்புகளின் எல்லையை ரிவிஷனாகத் திருத்தலாம், பதிப்பு எண் மாறாமலே. எங்கள் உள்சர்வரிலும் அதே முறையை வைத்திருக்கிறோம். இதிலும் ஒரு சிக்கல்: அதே நிரலுக்கு நேற்று வந்த சார்புத் திட்டம் இன்று வராமல் போகலாம். ஆகவே ஒவ்வொரு புராஜெக்டிலும் இண்டெக்ஸ்-ஸ்டேட் தேதியை எங்கள் கருவியே எழுதிவிடும். எந்த நேரத்து ஹாக்கேஜைப் பார்க்க வேண்டும் என்பது அதோடு முடிவாகிவிடுகிறது.

கருவிக்கென்று வரும் வேலை தனி. 2022-இல் கபால் 3.8, பேக்கேஜ் விவரக் கோப்பைப் படிக்கும் பகுதியை கபால்-சின்டாக்ஸ் என்ற தனி நூலகமாகப் பிரித்தது. அதற்கெல்லாம் முறையாகப் புதிய பதிப்பு விடுவோம். ஆனால் புதிய ஜிஎச்சி வந்ததும் "எப்போ ரிலீஸ்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் வேறு. எல்லைகளைத் தளர்த்திக் கட்டிப் பார்ப்பேன். டெஸ்டுகள் ஓடினால் ஒரு ரிவிஷன், அவ்வளவுதான். ரிலீஸே கிடையாது.